கயிறு, சாக்பீஸ், பெயின்ட்: ஒரு தெருமுனையைச் சரிசெய்த அனுபவம்

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் எங்கள் தெருமுனையில் வண்டிகள் மெதுவாகத் திரும்பவும் நடப்பவர்கள் பத்திரமாகக் கடக்கவும் நடைபாதையை நீட்டி, ஒருவழியாக நிரந்தரக் கல் விளிம்பு வைத்து முடித்துவிட்டார்கள். அது வருவதற்கு முன்னால் அதே இடத்தில் குடியிருப்போர் நாங்கள் சிலர் சேர்ந்து சாக்பீஸ், டேப், மணல் மூட்டை, பெயின்ட் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று வரிசையாக இங்கே எழுதிவைக்கிறேன். இதே மாதிரி ஒரு முனையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் வேறு புறநகர்க்காரர்களுக்கு அளவுகளாவது உதவும்.

முதலில் இடம். தெருவின் அகலம் 9 மீட்டர். இரண்டு ஓரத்திலும் கார்கள் நிற்கும். ஓரத்துக்கு 2 மீட்டர் போனால் வண்டி ஓட நடுவில் 5 மீட்டர் மிச்சம். பள்ளிக்கூடத் தெரு வந்து சேரும் முனையில் வளைவு ரொம்ப அகலம், ஆரம் 9 மீட்டர். அதனால் திரும்புகிற வண்டி பிரேக்கைத் தொடவே வேண்டியதில்லை. நடந்து போகிறவர்கள் கடப்பதும் சரியாக அந்த இடத்தில்தான். உயிர்ச்சேதம் எதுவும் அதுவரை நடக்கவில்லை. நடந்த பிறகு ஓடிவந்து செய்வதைவிட முன்னாலேயே செய்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய அவசரமும். வாக்கரை ஊன்றிக்கொண்டு பாதித் தெரு வரை வந்த பெரியவர் ஒருவர், கடக்க முடியாமல் அப்படியே திரும்பிப் போவதை அங்கே குடியிருக்கும் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் தோன்றியது பலகைதான். ‘மெதுவாகச் செல்லவும்’, ‘குழந்தைகள் கடக்கும் இடம்’ என்று அனுமதி வாங்கி இரண்டு பக்கமும் வைத்தோம். பலகை வந்த சில நாட்களுக்குத் தெருவே கொஞ்சம் அடங்கினதாகத் தோன்றியது. அப்புறம் பழையபடிதான். அந்தத் தெருவில் தினமும் ஓட்டுகிறவருக்கு ஒரு வாரத்தில் பலகை கண்ணில் படுவதே நின்றுவிடுகிறது. சாலை நேராக, அகலமாக, காலியாகத் தெரிந்தால் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும். எங்கள் குழு படித்த முதல் பாடம் இது. பலகை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பலகையை மட்டும் நம்பி ஒரு மாதத்தைக்கூடச் செலவிடாதீர்கள்.

‘தோன்றியது’ என்று சொல்கிறோமே, அதை அளந்தே பார்த்துவிடலாம் என்று அடுத்ததாக ஸ்டாப்வாட்சை எடுத்தோம். முறை ரொம்பச் சுலபம். சாலையோரம் டேப் வைத்து 50 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் சாக்பீஸால் ஒரு கோடு. முன்சக்கரம் முதல் கோட்டைத் தொடும்போது அழுத்தி, இரண்டாவது கோட்டைத் தொடும்போது நிறுத்த வேண்டும். 180-ஐ அந்த வினாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 6 வினாடி என்றால் 30, நாலரை வினாடி என்றால் 40, 3.6 வினாடி என்றால் 50. ரேடார் துப்பாக்கி எதுவும் தேவையில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பளிச்சென்று மின்னும் பாதுகாப்புச் சட்டை போட்டுக்கொண்டு சாலையோரத்தில் ஆள் நின்றால், போலீஸ் என்று நினைத்து எல்லோரும் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அப்படி எடுத்த கணக்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நிறுத்தியிருந்த ஒரு காருக்குள் உட்கார்ந்து மறுபடி எடுத்தோம். இன்னொன்று, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நெரிசல் காரணமாக வேகமே இருக்காது. தெரு காலியாக இருக்கும் முற்பகலிலும் இரவு எட்டு மணிக்கு மேலும் எடுத்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

100 வண்டிகளை எடுத்து மெதுவானதிலிருந்து வேகமானது வரை வரிசைப்படுத்தி, 85-ஆவது வண்டியின் வேகம் என்ன என்று பார்ப்பதுதான் போக்குவரத்துப் பொறியாளர்களின் வழக்கம். சராசரியைக் கொண்டுபோனால் அவர்களிடம் பேச்சு நகராது. இந்த 85-ஐக் கொண்டுபோனால் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்கிறார்கள். எங்கள் பட்டியலில் அது 40-ஐ ஒட்டி இருந்தது. வேக வரம்பு 30. அதுவும் பலகை வைத்த பிறகு எடுத்த பட்டியல்.

30-க்கும் 40-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி, அப்புறம் காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்து நிற்கும் தூரம், இரண்டையும் கூட்டினால் 30-ல் ஏறக்குறைய 13 மீட்டர், 40-ல் 20, 50-ல் 28. இதை வாயால் சொல்லிப் பயனில்லை. தெருவில் டேப்பை நீட்டி, ஒவ்வொரு தூரத்திலும் ஒருவரை நிற்கவைத்தோம். 30-ல் வரும் கார் முழுசாக நின்றுவிடுகிற இடத்தில், 50-ல் வரும் காரின் ஓட்டுநர் இன்னும் பிரேக்கையே தொட்டிருக்க மாட்டார். அந்த இடத்தில் ஒரு சிறுமியை நிறுத்திக் காட்டியபோது கூட்டத்தில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்தது பார்வை. இந்த முழு வேலையிலும் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இதுதான். தேவைப்பட்டதெல்லாம் ஒரு நீளமான கட்டுமானக் கயிறு, 1 மீட்டர் உயரக் கம்பு ஒன்று, சாக்பீஸ். கம்பு குழந்தைக்குப் பதில். நடைபாதை விளிம்பில் கடக்கும் இடத்தில் அதை நட்டு, தலையில் கயிற்றைக் கட்டினோம். நடைபாதை விளிம்பிலிருந்து 3.9 மீட்டர் தள்ளித் தெருவில் நீளமாக ஒரு சாக்பீஸ் கோடு. அந்தப் பக்கம் வரும் காரில் ஓட்டுநரின் கண் போகும் பாதை அது. கடக்கும் இடத்துக்கு 1 மீட்டர் தள்ளி ஒரு கார் எப்போதும்போல நின்றிருந்தது. கயிற்றைக் காரின் வெளி மூலையில் உரசினாற்போல இழுத்து, ஓட்டுநர் கோட்டைத் தொடும் இடத்தைக் குறித்தோம். அதற்கு முன்னால் எந்த இடத்திலும் ஓட்டுநருக்குக் குழந்தை தெரியாது.

கயிறு கோட்டைத் தொட்டது 2 மீட்டரில். அதாவது குழந்தைக்கு 2 மீட்டர் அருகில் வந்த பிறகுதான் ஓட்டுநர் அவளைப் பார்க்கிறார். நிற்கத் தேவையானது 20 மீட்டர்.

சரி, கடக்கும் இடத்தை ஒட்டிக் கார் நிறுத்தக்கூடாது என்று 6 மீட்டரைக் காலி செய்தால்? காரை நகர்த்திவிட்டு மறுபடி இழுத்தோம். 12 மீட்டரை எட்டவில்லை. 30-ல் வந்தாலே 13 வேண்டும். அப்போது ஓர் அக்கா, “கம்பை முன்னால கொண்டுவந்து வச்சுப் பாருங்க” என்றார். நிற்கும் கார்களின் வெளி ஓரத்துக்குச் சற்று உள்ளே, விளிம்பிலிருந்து 1.8 மீட்டர் தள்ளித் தெருவுக்குள் கம்பை வைத்தோம். காலி செய்த 6 மீட்டர் அப்படியே இருந்தது. இப்போது இழுத்த கயிறு காரின் மூலையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கையிலிருந்த கயிறு தீர்ந்து, இன்னொன்றை முடிச்சுப் போட்டு நீட்டினோம். 60 மீட்டரைத் தாண்டித்தான் கோட்டைத் தொட்டது.

என்ன கட்டுவது என்ற கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. நடைபாதையைத் தெருவுக்குள் 1.8 மீட்டர் நீட்ட வேண்டும், அதையொட்டி 6 மீட்டருக்கு யாரும் வண்டி நிறுத்தக் கூடாது. ஒன்றை மட்டும் செய்தால் போதாது. இரண்டு பக்கமும் நீட்டினால் 9 மீட்டர் தெரு கடப்பவருக்கு 5.4 மீட்டராகிவிடும். வினாடிக்கு 1.2 மீட்டர் நடக்கிறவருக்கு ஏழரை வினாடி நாலரையாகக் குறையும். 0.8 மீட்டர் மட்டுமே நடக்க முடிகிற முதியவருக்கு 11 வினாடிக்கு மேல் ஆனது 7-க்குள் வந்துவிடும்.

எவ்வளவு இடத்தைத் தெருவிலிருந்து எடுக்கலாம் என்பதைத் தெருவே காட்டிக்கொடுத்தது. முனையில் சக்கரம் படாத இடங்களில் சருகும் பொடி ஜல்லியும் ஒதுங்கிக் கிடக்கும். பெருக்குவதற்கு முன்னால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாருமே ஓட்டாத இடம் எது என்று எந்த வரைபடத்தையும்விட அது தெளிவாகச் சொல்லும். எங்கள் முனையில் நாங்கள் கேட்க நினைத்த இடத்தில் பாதி ஏற்கெனவே சருகுக்குத்தான் போயிருந்தது.

அனுமதி வாங்காமல் ஒரு சொட்டு பெயின்ட் கூடச் சாலையில் வைக்க வேண்டாம். சாலை பொதுச் சொத்து. ஏதாவது நடந்தால் பொறுப்பு கோடு போட்டவர் தலையில்தான் விழும். நாங்கள் கொண்டுபோனது ஒரே ஒரு தாள். அளவுகளோடு கையால் வரைந்த படம், வேகப் பட்டியலின் சுருக்கம், கயிறு இழுத்த புகைப்படம், ‘தற்காலிகச் சோதனை, இந்தத் தேதியில் எடுத்துவிடுவோம்’ என்ற உறுதி. கடைசியாகச் சொன்னதுதான் கதவைத் திறந்தது. நிரந்தரமாக மாற்றுங்கள் என்று கேட்டால் கோப்பு எங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். சோதித்துப் பார்க்கிறோம், வேலை செய்யாவிட்டால் நாங்களே சுத்தம் செய்து தருகிறோம் என்று கேட்டால் பேச்சு நடக்கிறது. தீயணைப்பு வண்டி போக நடுவில் எவ்வளவு அகலம் விட வேண்டும் என்பதைப் பொறியாளரிடம் முன்கூட்டியே கேட்டு, படத்தில் அந்த அகலத்தை எழுதியிருந்தோம். அதையும் அவர்கள் கவனித்தார்கள்.

வேறு எங்காவது பலித்திருக்கிறதா என்று கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள ஹோபோகன் நகரம் தெருமுனைகளில் வண்டி நிறுத்துவதைத் தடுத்து, பார்வையைத் திறந்துவிடும் வேலையை நகரம் முழுக்கச் செய்தது. 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு ஆண்டுகள் அங்கே சாலை விபத்தில் ஓர் உயிர் கூடப் போகவில்லை. நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் 2019-ஆம் ஆண்டில் நடந்து போனவர்களோ சைக்கிளில் போனவர்களோ ஒருவர் கூட இறக்கவில்லை. இவை பணக்கார ஊர்கள்தான். ஆனால் முனையை ஒட்டி வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்ள எந்த ஊருக்கும் பெரிய பணம் தேவையில்லை.

எதிர்ப்பும் வந்தது. வரத்தான் செய்யும். முனையை ஒட்டிய வீட்டுக்காரர், “என் வண்டியை எங்கே தம்பி நிறுத்துறது?” என்று கேட்டார். அவரிடம் பாதுகாப்பு பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. இரவு பத்து மணிக்குத் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்து, எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று எழுதினோம். அடுத்த நாளும் எழுதினோம். சில வீடுகள் தள்ளி எப்போதும் இடம் இருந்தது. தாளைக் காட்டினோம், அவரும் எங்களோடு ஒரு இரவு வந்து பார்த்தார். முழு மனதோடு சம்மதித்தார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தடுக்கவில்லை. அவருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். விட்டுக்கொடுத்தது அவர், பலன் மற்றவர்களுக்கு.

சோதனையின் முதல் நிலை: சாலையில் வைக்கும் கூம்பு வடிவக் கோன், மணல் மூட்டை, ஒட்டும் டேப். ஒரு நாளில் வைத்து, எடுத்து, மாற்றி வைக்க முடிகிற பொருட்களாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. வெறும் கோன் காற்றுக்கே சாய்ந்துவிடுகிறது. கோனின் அடியில் அரை மூட்டை மணலை வளையமாகச் சுற்றி வைத்தால் நிற்கும். டேப் காய்ந்த சாலையில் மட்டுமே ஒட்டும். ஒட்டுவதற்கு முன்னால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தூசியைத் துடைக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் சுருண்டு எழும்பிவிடும்.

வளைவின் ஆரத்தை முதலில் 3 மீட்டராக வைத்துப் பார்த்தோம். கார்கள் அழகாக மெதுவாகத் திரும்பின. மறுநாள் குப்பை லாரி வந்து இரண்டு மணல் மூட்டைகளை நசுக்கிவிட்டுப் போனது. ஓட்டுநர் மேல் தப்பில்லை. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் வழியில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டுதான் வரும். எவ்வளவு உள்ளே என்று தெரிந்துகொள்ள, சாலையில் ஈர மணலை மெல்லிசாகத் தூவிவிட்டு லாரிக்குக் காத்திருந்தோம். டயர் தடம் பளிச்சென்று விழுந்தது. தடத்துக்கும் எங்கள் கோட்டுக்கும் நடுவில் இருந்த துண்டை அளந்து, ஆரத்தை 4 மீட்டராக்கி, அதற்கு வெளியே லாரி மட்டும் ஏறிப் போகிற மாதிரி ஒரு சொரசொரப்பான பட்டை விடுவது என்று முடிவானது. காருக்கு அந்தப் பட்டையில் ஏறப் பிடிக்காது. லாரிக்கு அது ஒரு பொருட்டில்லை. 9 மீட்டர் ஆரத்தை 4 மீட்டராக்கினால், அதே அளவு சாய்வு உணர்வோடு திரும்பக்கூடிய வேகம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. பலகை செய்யாத வேலையை வளைவு செய்தது.

மழைநீரை மறந்துவிடாதீர்கள். தெருவின் தண்ணீர் எல்லாம் நடைபாதை விளிம்பை ஒட்டித்தான் ஓடும். நாங்கள் பழைய விளிம்புக்கும் மணல் மூட்டைக்கும் நடுவில் 30 சென்டிமீட்டர் இடைவெளி விட்டிருந்தோம். முதல் மழையிலேயே சருகு வந்து அந்த வாயை அடைத்து, கடக்கும் இடத்திலேயே குளம் கட்டியது. குழந்தைகள் அதைச் சுற்றிக்கொண்டு நடுத்தெருவுக்குப் போனார்கள். இடைவெளியின் மேல்முனையில் கம்பிச் சல்லடை ஒன்றை வைத்து, முறை போட்டுச் சுத்தம் செய்து சமாளித்தோம். நிரந்தர வேலையில் வடிகால் வாயையே நீட்டிப்புக்கு மேற்பக்கமாக நகர்த்திவிட்டார்கள். அதுதான் சரியான தீர்வு.

அளவுகள் உறுதியான பிறகு பெயின்ட். இங்கே ஒரு கணக்கைப் பெரிதாகச் சொல்ல வேண்டும். சுவருக்கு அடிக்கிற நினைப்பில் பெயின்ட் வாங்கக் கூடாது. சாலையில் ஈரப் படலம் 0.4 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அந்தக் கனத்தில் ஒரு லிட்டர் இரண்டரைச் சதுர மீட்டர்தான் வரும். எங்கள் இரண்டு நீட்டிப்பும் சேர்ந்து 30 சதுர மீட்டர். இரண்டு தடவை அடிக்க 24 லிட்டர். பழைய தார் சொரசொரப்பாக இருந்ததால் அதற்கும் மேலே குடித்தது. பாதியில் தீர்ந்து போய், மறுபடி வாங்கிவரும் வரை தெருவை அடைத்து வைத்திருக்க வேண்டியதாயிற்று.

அடிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் பெருக்கி, எண்ணெய்க் கறை உள்ள இடங்களைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, இரவு முழுக்கக் காயவிட்டோம். காலையில் நீளப் பிடி மாட்டிய ரோலர். நீரில் கரையும் சாலைப் பெயின்ட்டே போதும், தின்னர் நாற்றம் இல்லாததால் குழந்தைகளும் ஓரத்தில் சேர்ந்து அடித்தார்கள். இரண்டாவது தடவை அடிக்கும் பெயின்ட்டில் நைஸ் மணலைக் கலந்துவிடுங்கள். வழவழவென்று விட்டால் மழையில் இருசக்கர வண்டி வழுக்கும், நடப்பவர் காலும் வழுக்கும்.

கடக்கும் இடத்து வெள்ளைப் பட்டைகள் 50 சென்டிமீட்டர் அகலம், நடுவில் 50 சென்டிமீட்டர் இடைவெளி. பட்டைகளை எங்கே வைப்பது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. வண்டிகளின் சக்கரம் எங்கே ஓடுகிறது என்று ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, சக்கரத் தடம் இடைவெளியில் விழுகிற மாதிரி பட்டைகளைத் தள்ளி வைத்தோம். சக்கரம் ஏறாத பட்டை சீக்கிரம் தேயாது. சோதனை முடியும் வரை வெள்ளையாகவே இருந்தன.

இரவில் மின்ன, பட்டையின் மேல் கண்ணாடி மணித்தூள் தூவ வேண்டும். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே, ரோலர் பிடித்தவர் பின்னாலேயே ஒருவர் தூவிக்கொண்டு வர வேண்டும். மணி பாதி புதைந்து பாதி வெளியே இருந்தால்தான் ஹெட்லைட் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பெயின்ட் தோல் கட்டிய பிறகு தூவினால் காலையில் பெருக்கிக் கொட்ட வேண்டியதுதான், ஒரு பட்டையில் அப்படித்தான் ஆயிற்று. மின்னுகிறதா என்று பார்க்க, இரவில் டார்ச்சை நெற்றிப்பொட்டை ஒட்டிப் பிடித்துத் தள்ளி நின்று பாருங்கள். டார்ச்சை இடுப்பில் வைத்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் வந்த வழியே திரும்புவதால் கண்ணும் விளக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நீட்டிப்பின் ஓரத்தில் வளையும் பிளாஸ்டிக் கம்பங்களை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நட்டோம். ஒரு காரின் அகலம் 1.8 மீட்டர் போல இருக்கும் என்பதால் நடுவில் நுழைய முடியாது, சக்கர நாற்காலி தாராளமாகப் போகும்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த நேரத்தில், வெள்ளைக்கோல் வைத்து நடக்கும் ஓர் அம்மாவை அழைத்துவந்து கடந்து பார்க்கச் சொன்னோம். பழைய விளிம்பில் இருந்த சரிவில் இறங்கியவர் நேராகச் சந்திப்பின் நடுவைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார். கையைப் பிடித்து நிறுத்தினோம். அவர் நின்று, கோலால் தரையை இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்தச் சரிவு மூலைக்குக் குறுக்கா இருக்கு தம்பி. எனக்குக் கால் எந்தப் பக்கம் இறங்குதோ அதுதான் திசை. நீங்க போட்ட வெள்ளைக் கோடு என் கோலுக்குத் தெரியாது.” நாங்கள் இத்தனை அளந்தும் எங்கள் கண்ணில் படாத விஷயம் அது. முனைக்கு ஒரே சரிவு மூலைவிட்டமாக வைத்திருந்தார்கள். பல ஊர்களில் அப்படித்தான் இருக்கிறது. கடக்கும் திசை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சரிவு, எதிர்ப்புறத்தை நேராகப் பார்த்தபடி வேண்டும். இறங்கும் இடத்தில் குமிழ் பதித்த எச்சரிக்கை ஓடு வேண்டும். இல்லையென்றால் நடைபாதை எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்று கோலுக்குத் தெரியாது. சரிவின் கணக்கு 12-க்கு 1. விளிம்பு 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் சரிவின் நீளம் 1.8 மீட்டர். நிரந்தரப் படத்தில் இது முதல் வரியாக ஏறியது. முதல் நாளே அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

அப்புறம் விளக்கு. தெருவிளக்கு கடக்கும் இடத்துக்கு நேர் மேலே இருந்ததால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் காருக்குள் உட்கார்ந்து பார்த்தால் கடப்பவரின் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன, உடம்பு நிழலாக இருந்தது. வண்டி வரும் பக்கத்தில், கடக்கும் இடத்துக்குச் சில மீட்டர் முன்னால் விளக்கு இருந்தால் ஓட்டுநரைப் பார்த்த பக்கத்தில் வெளிச்சம் விழும், ஆள் முழுசாகத் தெரிவார். விளக்குக் கம்பத்தை நகர்த்துவது எங்கள் கையில் இல்லை. அடுத்த கம்பத்தின் விளக்கு சரியான இடத்தில்தான் இருந்தது, மரக்கிளை ஒன்று அதை மூடியிருந்தது. கிளையை வெட்டக் கோரி எழுதிக்கொடுத்தோம், வெட்டினார்கள். இந்த வேலை முழுவதிலும் செலவே இல்லாமல் பெரிய பலன் கொடுத்தது அந்தக் கிளைதான். இதைப் புகைப்படத்தில் ஒப்பிடாதீர்கள், கைபேசிக் கேமரா இருட்டைத் தானாகவே வெளிச்சமாக்கிவிடும். காரில் உட்கார்ந்து கண்ணால் பாருங்கள்.

சோதனைக் காலம் முடியும்போது அதே 50 மீட்டரில் அதே நேரங்களில் மறுபடி ஸ்டாப்வாட்ச் பிடித்தோம். 85-ஆவது வண்டி 30-ஐ ஒட்டி வந்துவிட்டது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கடக்க ஒருவர் நின்றால் வண்டிகள் நிற்க ஆரம்பித்திருந்தன. ஆள் தெரிகிறார், நிற்க நேரம் இருக்கிறது, நிற்கிறார்கள். ஓட்டுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. இத்தனை நாளும் அவர்களுக்கு ஆள் தெரியவே இல்லை.

வேகத்தடை வைக்கலாமே என்று இடையில் பலர் கேட்டார்கள். 3.7 மீட்டர் நீளத்தில் மெல்ல ஏறி இறங்கும் வளைவான மேடு வேலை செய்யும்தான். ஆனால் அது கடப்பவரின் தூரத்தைக் குறைக்காது, பார்வையையும் திறக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவெல்லாம் லாரிச் சத்தம் வேறு. கடைசியில் நிரந்தர வேலையில் கடக்கும் இடத்தையே 10 சென்டிமீட்டர் உயர்த்தி, மேலே தட்டையாக, இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் சரிவு கொடுத்து அமைத்தார்கள். நடப்பவர் ஏறக்குறைய நடைபாதை மட்டத்திலேயே கடக்கிறார். மிச்சமிருக்கும் சிறிய இறக்கத்துக்கும் குமிழ் ஓடு உண்டு.

செலவு பற்றிச் சொல்ல வேண்டும். தற்காலிக வேலையில் பாதிக்கு மேல் பெயின்ட்டும் மணித்தூளும், அதற்கு அடுத்தது பிளாஸ்டிக் கம்பங்கள். கயிறு, சாக்பீஸ், மணல், டேப் எல்லாம் கணக்கிலேயே வராது. ஆனால் என்ன கட்டுவது என்று முடிவு செய்தது இந்த மலிவான பொருட்கள்தான். வீடு வீடாக வசூலித்ததில் தற்காலிக வேலையின் செலவு அடங்கிவிட்டது. நிரந்தர வேலை உள்ளாட்சியின் சாலைப் பராமரிப்போடு சேர்ந்து நடந்தது. அந்தத் தெருவுக்கு எப்போது புதுத் தார் போடப் போகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துவைத்து, அதற்குள் சோதனையை முடித்தது பெரிய உதவியாக இருந்தது. எப்படியும் தோண்டப் போகிற தெருவில் விளிம்பை நகர்த்துவதற்குத் தனிச் செலவு குறைவு.

அடுத்த முனையில் வேலையை வேறு வரிசையில் தொடங்குகிறோம். பலகை கடைசி. முதலில் கயிறு, அதோடு வெள்ளைக்கோல் அம்மாவும் குப்பை லாரி ஓட்டுநரும். ஒரு மழையாவது பார்த்த பிறகுதான் பெயின்ட். கம்பங்களைச் சாலையில் பசையால் ஒட்டாமல் போல்ட் போட்டு இறுக்கப் போகிறோம். பசை போட்டவை லாரி உரசியதும் அடியோடு பெயர்ந்து வந்தன.

பழைய முனையில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பேருந்து நிறுத்தம் கடக்கும் இடத்துக்கு முன்னால் இருப்பதால், பேருந்து நிற்கும்போது நாங்கள் திறந்த பார்வை முழுக்க மறைந்துவிடுகிறது. இறங்கியவர்கள் பேருந்தின் முன்னால்தான் கடக்கிறார்கள். நிறுத்தத்தை, கடக்கும் இடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் நகர்த்தினால் பேருந்தின் பின்னால் கடப்பார்கள், பின்னால் வரும் வண்டிகளுக்கும் தெரிவார்கள். படம் போட்டுக் கொடுத்திருக்கிறோம். பேருந்து எவ்வளவு நேரம் நிற்கிறது, அந்த நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று பட்டியல் கேட்டிருக்கிறார்கள். ஸ்டாப்வாட்ச் இப்போது அந்த நிறுத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.